ஆடிட்டில் கேட்கத் தெரிவது: தணிக்கையாளர்களுக்கான நேர்காணல் வழிகாட்டி

"சரக்கு வந்ததும் எண்ணிப் பார்த்துத்தானே எடுப்பீங்க?"

"ஆமா சார், எண்ணாம எடுக்கவே மாட்டோம்."

தணிக்கை வேலைக்கு வந்த முதல் வருடம் ஒரு குடோனில் நான் கேட்ட கேள்வியும் கிடைத்த பதிலும் இவை. பதிலை அப்படியே வொர்க்கிங் பேப்பரில் (தணிக்கை வேலையைப் பதிவு செய்யும் தாள்) எழுதி, கட்டுப்பாடு, அதாவது தவறு நடக்காமல் தடுக்கும் ஏற்பாடு, நடைமுறையில் இருக்கிறது என்று டிக் போட்டேன். மறு வருடம் அதே குடோனுக்கு என் சீனியரோடு போனேன். அவர் ஃபைலில் இருந்து ஒரு சரக்கு வரவுச் சீட்டை உருவி ஸ்டோர் கீப்பர் முன்னால் வைத்தார். "இந்த லோடு வந்த அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

ஸ்டோர் கீப்பர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "இதா... இது சாயங்காலம் ஆறே முக்காலுக்கு வந்த வண்டி சார். 480 பெட்டி. இறக்கி முடிக்கவே எட்டு மணி ஆயிடுச்சு. டிரைவர் கிளம்பணும்னு நிக்கிறாரு. சலான்ல இருந்த எண்ணிக்கையைப் போட்டுக் கையெழுத்து போட்டுட்டேன். காலையில எண்ணிக்கலாம்னு..." என்று நிறுத்தினார். சீனியர் பேசாமல் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே முடித்தார்: "காலையில எண்ணலை சார். அதுக்குள்ள அடுத்த வண்டி வந்துடுச்சு."

அதே மனிதர்தான். முதல் வருடம் அவர் என்னிடம் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. நான் விதியைக் கேட்டேன், விதியைச் சொன்னார். சீனியர் நடந்ததைக் கேட்டார், நடந்ததைச் சொன்னார். நேர்காணல் திறமையைப் பற்றி நான் இதுவரை கற்றுக்கொண்ட எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்துக்குள் அடங்கும். அதை எப்படிப் பழகுவது என்று கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். நிதித் தணிக்கை, உள்தணிக்கை, தரத் தணிக்கை என்று எந்தப் பக்கம் இருப்பவருக்கும் இது பொருந்தும்.

வாய்ச்சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு?

முதலில் இதில் தெளிவு வேண்டும். ஒரு கட்டுப்பாடு சரியாக இயங்குகிறது என்று முடிவெடுக்க, கேட்டுத் தெரிந்துகொண்டது மட்டும் பொதுவாகப் போதாது என்று சர்வதேசத் தணிக்கைத் தரநிலையான ஐஎஸ்ஏ 500 சொல்கிறது. அப்படியானால் எதற்காக ஒருவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும்? எங்கே தோண்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான். ஆயிரம் சீட்டுகளில் எந்த இருபதைப் பார்ப்பது, எந்த நேரத்தில் போய் நின்று கவனிப்பது, எந்தப் பதிவேட்டை எதனோடு ஒப்பிடுவது என்பதையெல்லாம் அந்த வேலையை அன்றாடம் செய்கிறவர்தான் சொல்ல முடியும். நேர்காணல் நன்றாக அமைந்தால், அதற்குப் பிறகு பார்க்கும் ஒவ்வொரு காகிதமும் வேறு மாதிரி தெரியும்.

படி 1: போவதற்கு முன்

பலரும் இருபது கேள்விகளை டைப் செய்து எடுத்துப் போகிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பட்டியல் கையில் இருந்தால் அடுத்த கேள்விக்குப் போகிற அவசரத்தில் பதில் காதில் விழாது. அதற்குப் பதிலாக ஒரே ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள்: இந்தப் பேச்சு முடியும்போது எனக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? உதாரணமாக, சப்ளையரின் வங்கிக் கணக்கு எண்ணை யாரெல்லாம் மாற்ற முடியும். மாற்றினால் யாருக்குத் தெரியவரும். கடைசியாக எப்போது மாற்றினார்கள்.

அப்புறம் எழுத்து வடிவில் இருக்கும் நடைமுறை, பொறுப்புப் பட்டியல், போன முறை எழுதிய குறைகள் ஆகியவற்றைப் படித்துவிடுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லாததைக் கேட்டால், "இவர் ஒன்றுமே படிக்காமல் வந்திருக்கிறார்" என்று எதிரில் இருப்பவர் முடிவு செய்துவிடுவார்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, மூன்று முதல் ஐந்து உண்மையான பரிவர்த்தனைகளின் ஆவணங்களை எடுத்துக்கொண்டு போவது. கண்ணை மூடி எடுக்காதீர்கள். ஒப்புதல் வரம்புக்குச் சற்றே கீழே நிற்கும் ஒரு தொகை, விடுமுறை நாளில் போட்ட ஒரு பதிவு, பர்சேஸ் ஆர்டரும் இன்வாய்ஸும் ஒரே தேதியில் இருக்கும் ஒன்று, கையால் அடித்துத் திருத்திய ஒன்று, இவற்றோடு எந்த விசேஷமும் இல்லாத ஒன்று. அந்தச் சாதாரணச் சீட்டைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். எடுத்துப் போவதெல்லாம் சந்தேகத்துக்குரியதாக இருந்தால், இரண்டாவது சீட்டிலேயே எதிரில் இருப்பவர் சுதாரித்துக்கொள்வார்.

படி 2: யாரிடம், எங்கே

மேலாளரிடம் மட்டும் கேட்டால் நடைமுறைக் கையேட்டை இன்னொரு முறை வாய்மொழியாகக் கேட்ட மாதிரிதான் ஆகும். வேலையைக் கையால் செய்கிறவரிடம் போங்கள். அவர் லீவு போட்டால் அந்த இடத்தில் உட்காருகிறவர் யார் என்று கேட்டு அவரிடமும் பேசுங்கள். மாற்றாளுக்கு வேலை அரைகுறையாகத்தான் சொல்லித் தரப்பட்டிருக்கும், அதனால் எந்தெந்தப் படிகளை விட்டுவிடலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள் என்பது அவர் பேச்சில் தெரிந்துவிடும். மோசடி அபாயம் பற்றி நிர்வாகத்திடம் மட்டுமின்றி நிறுவனத்தில் உள்ள மற்றவர்களிடமும் கேட்க வேண்டும் என்று ஐஎஸ்ஏ 240 சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. மோசடி ஆய்வாளர்களின் சர்வதேச அமைப்பான ஏசிஎஃப்இ வெளியிட்ட 2024 அறிக்கையில், ஆய்வுக்கு எடுத்த மோசடிகளில் 43 சதவீதம் யாரோ கொடுத்த தகவலால்தான் வெளியே வந்தன. அந்தத் தகவல்களில் பாதிக்கு மேல் ஊழியர்கள் கொடுத்தவை.

மேலாளர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது? சங்கடமான நிலைமைதான். "சார், உங்களோடு ஏற்கனவே பேசிட்டேன். இவர் வேலையை இவர் சீட்டிலேயே பார்த்தா எனக்குச் சீக்கிரம் புரியும்" என்று சொல்லி எழுந்து அந்த ஊழியரின் மேசைக்குப் போய்விடுங்கள். பெரும்பாலும் மேலாளர் கூட வர மாட்டார்.

மேலாண்மை அமைப்புகளின் தணிக்கைக்கான ஐஎஸ்ஓ 19011 வழிகாட்டியும், முடிந்தவரை வழக்கமான வேலை நேரத்தில், வழக்கமாக வேலை செய்யும் இடத்தில் பேசச் சொல்கிறது. இதில் மரியாதையும் இருக்கிறது, லாபமும் இருக்கிறது. மேசை மேல் ஒட்டியிருக்கும் சிறு தாளில் வேறொருவரின் பாஸ்வேர்ட் எழுதியிருப்பதை மீட்டிங் ரூமில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் பார்க்க முடியாது.

படி 3: முதல் ஐந்து நிமிடம்

நம் மொழியில் இதற்கென்றே ஒரு சிக்கல் உண்டு. 'விசாரணை' என்றால் போலீஸ் ஸ்டேஷன் நினைவு வரும். 'நேர்காணல்' என்றால் வேலைக்கு ஆள் எடுப்பது. 'பேட்டி' என்றால் பத்திரிகை. இந்தக் கட்டுரையில் வேறு வழியில்லாமல் நேர்காணல் என்று எழுதுகிறேன். எதிரில் இருப்பவரிடம் இந்த மூன்றில் எதையும் சொல்லாதீர்கள். "உங்க வேலை எப்படி நடக்குதுன்னு புரிஞ்சுக்கணும், ஒரு நாற்பது நிமிஷம் பேசலாமா?" என்றால் போதும்.

நீங்கள் யார், எதற்காக வந்திருக்கிறீர்கள், எவ்வளவு நேரம் ஆகும், ஏன் குறிப்பு எடுக்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவருடைய தனிப்பட்ட திறமையை மதிப்பிட வரவில்லை என்பது உண்மையாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். "இது நமக்குள்ள இருக்கட்டும், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். அவர் சொல்லப்போவது என்ன என்று உங்களுக்குத் தெரியாது. அதை மேலே கொண்டுபோக வேண்டிய கடமை உங்களுக்கு இருக்கலாம். அப்போது உடைவது உங்கள் வாக்கு மட்டும் இல்லை, ஒரு மனிதர் உங்கள் மேல் வைத்த நம்பிக்கையும்தான்.

முதல் கேள்வி அவருக்குச் சுலபமாக, பெருமையாகப் பதில் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். "காலையில வந்ததும் முதல்ல என்ன பார்ப்பீங்க, அங்கிருந்து ஆரம்பிங்க."

படி 4: கேள்வி

அகலமாக ஆரம்பித்துச் சுருக்கிக்கொண்டு வாருங்கள். "சப்ளையர் பில் வந்ததும் என்ன ஆகும்?" என்பது அகலம். "இந்தப் பில் உங்க கைக்கு எப்படி வந்துச்சு?" என்பது அடுத்தது. "அப்போ இதுல ரேட்டை ஒப்பிட்டது நீங்க, சரியா?" என்பது முடிவில் உறுதிப்படுத்த. ஆம்/இல்லை என்று பதில் வரும் கேள்வி கடைசியில்தான் வர வேண்டும். அதையே முதலில் கேட்டால் கதவைத் திறப்பதற்கு முன்பே பூட்டிவிட்டீர்கள்.

கேள்வியின் ஒரு சொல்லே பதிலை மாற்றும். 1974-ல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் இருவரும் செய்த உளவியல் சோதனையில் ஒரே விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். 'நொறுங்க மோதியபோது' என்ற பொருளில் கேட்டவர்களுக்குச் சராசரியாக மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல் என்று பதில் வந்தது. 'தொட்டுக்கொண்டபோது' என்று கேட்டவர்களுக்கு 31.8 மைல். படம் ஒன்றுதான், வினைச்சொல் மட்டும் வேறு.

தமிழில் பதிலைத் திணிக்கும் வேலையைச் சின்னஞ்சிறு ஒட்டுகள் செய்துவிடும். "எண்ணித்தானே எடுப்பீங்க?", "மேனேஜர் பார்ப்பாருல்ல?", "தினமும் செக் பண்ணுவீங்க, இல்லையா?" இந்தத் 'தானே', 'ல்ல', 'இல்லையா' மூன்றும் 'ஆமாம் சொல்லுங்கள்' என்று கையைப் பிடித்து இழுக்கின்றன. நான் முதல் வருடம் கேட்டதில் இருந்ததும் அந்தத் 'தானே'தான். ஒரு வாரம் உங்கள் கேள்விகளைக் கவனித்துப் பாருங்கள், எத்தனை முறை அது நுழைகிறது என்று தெரியும்.

'ஏன்' என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். "ஏன் கையெழுத்து போடலை?" என்பது பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்க வைத்துக் கேட்ட தொனி. "கையெழுத்து இல்லாம போறதுக்கு அன்னிக்கு என்ன சூழ்நிலை?" என்று கேட்டால் அவருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

கேட்பதைவிடக் கடினம், பதிலின் இலக்கணத்தைக் கவனிப்பது. நம் பேச்சில் வழக்கத்தை எதிர்கால வினையில் சொல்வோம்: பார்ப்போம், எண்ணுவோம், அனுப்பிடுவோம். நடந்ததை இறந்தகாலத்தில் சொல்வோம்: பார்த்தேன், எண்ணினேன், அனுப்பினேன். பதில் முழுக்க 'வோம், போம்' என்று போய்க்கொண்டிருந்தால் நீங்கள் இன்னும் விதிப் புத்தகத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அந்த இடத்தில் ஒரு சீட்டை எடுத்து வைத்து, "இதுல எப்படி நடந்துச்சு?" என்று கேளுங்கள். வினை இறந்தகாலத்துக்கு மாறும். கூடவே நேரம், பெயர், அவசரம், பழுதான பிரிண்டர் எல்லாம் வரும்.

இன்னொன்று, தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது சகஜம். "செக் பண்ணி அனுப்பிடுவாங்க." யார்? "அதெல்லாம் சிஸ்டத்துலயே ஆயிடும்." எந்த ஸ்கிரீனில், யாருடைய ஐடியில்? "பார்த்துட்டுத்தான் விடுவோம்." எதை எதோடு ஒப்பிட்டு? யார், எப்போது, எதை வைத்து என்ற மூன்றும் இல்லாத பதில் கேட்கும்போது நிறைவாக இருக்கும். எழுத உட்கார்ந்தால் ஒன்றும் இருக்காது.

எனக்கு அடிக்கடி பலன் கொடுத்த சில கேள்விகளை இங்கே வைக்கிறேன்:

- "இதை நீங்களே எனக்குச் செஞ்சு காட்ட முடியுமா?"
- "கடைசியா எப்போ இது வழக்கம்போல நடக்காம போச்சு?"
- "நீங்க லீவுல இருந்தா இது எப்படி நடக்கும்?"
- "ரொம்ப அவசரம்னா எந்தப் படியை அப்புறம் பார்த்துக்கலாம்னு விடுவீங்க?"
- "நீங்க ஒரு பில்லைத் திருப்பி அனுப்பின சம்பவம் ஏதாவது இருக்கா?"

கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒப்புதல் கொடுக்கும் ஒருவர் பல வருடங்களில் ஒன்றைக்கூட நிராகரித்ததில்லை என்றால், அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறாரா என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

படி 5: பேசாமல் இருப்பது

வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோவ், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதையே மூன்று விநாடியாக நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, காரணங்களோடும் வந்தன. நாமும் அந்த ஆசிரியர்கள் மாதிரிதான். "காலையில எண்ணிக்கலாம்னு..." என்று ஒருவர் நிறுத்தும் இடத்தில் நாம் பாய்ந்து, "சரி, எண்ணிட்டீங்க, அடுத்தது?" என்று அவருக்குப் பதிலாக நாமே முடித்துவிடுகிறோம். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். முறைத்துப் பார்க்க வேண்டாம், குறிப்பேட்டைப் பார்த்தபடி காத்திருந்தால் போதும்.

படி 6: குறிப்பு

முக்கியமான வாக்கியத்தை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். 'எண்ணிக்கை சரிபார்ப்பு போதுமானதாக இல்லை' என்பது உங்கள் முடிவு. "சலான்ல இருந்த எண்ணிக்கையைப் போட்டுட்டேன்" என்பதுதான் அவர் சொன்னது. இரண்டையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள். பக்கத்தின் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் அவர் சொன்னது, வலப்பக்கம் உங்களுக்குத் தோன்றியது என்று பிரித்துக்கொண்டால் போதும். பார்த்த ஆவண எண்களையும் உடனுக்குடன் எழுதிவிடுங்கள். முடிந்தால் இருவராகப் போங்கள், ஒருவர் கேட்க ஒருவர் எழுத. ஒலிப்பதிவு வேண்டும் என்றால் முதலில் சட்டமும் நிறுவன விதியும் அனுமதிக்கின்றனவா என்று பார்த்து, வெளிப்படையாகச் சம்மதம் வாங்கிய பிறகுதான். முழுக் குறிப்பையும் அன்றைக்கே எழுதி முடிப்பது நல்லது.

படி 7: சொல்வதும் காகிதமும் மோதும்போது

இங்கேதான் நல்ல தணிக்கையாளர்களும் தடுமாறுகிறார்கள். முரண்பாடு தெரிந்தவுடன் 'மாட்டிக்கொண்டார்' என்ற உணர்வு வந்துவிடும். அந்த உணர்வை நம்பாதீர்கள். ஒருவர் முகத்தையும் பேச்சையும் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிப்பதில் மனிதர்களின் சராசரி வெற்றி 54 சதவீதம்தான் என்று உளவியல் ஆய்வாளர்கள் பாண்ட், டிபாலோ இருவரும் 2006-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். காசைச் சுண்டிப் போட்டால் கிடைப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வியர்ப்பது, கண்ணைப் பார்க்காமல் பேசுவது எல்லாம் ஆடிட்டர் எதிரில் உட்கார்ந்திருக்கும் எந்த நேர்மையான மனிதருக்கும் நடக்கும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: முதலில் அவர் முழுவதையும் சொல்லி முடிக்கட்டும், பிறகு ஆவணத்தைக் காட்டுங்கள். முன்கூட்டியே காட்டினால் அதற்கு ஏற்றபடி பதில் அமைந்துவிடும். காட்டும்போதும் தீர்ப்பு வேண்டாம். "ஒப்புதல் 3-ஆம் தேதின்னு இருக்கு, பணம் 1-ஆம் தேதியே போயிருக்கு. எனக்கு வரிசை புரியலை, நீங்க சொல்லுங்க." ஒப்புதல் போனில் வாங்கப்பட்டு, கையெழுத்து பிறகு வந்திருக்கலாம். அதுவும் ஒரு குறைதான், ஆனால் நீங்கள் மனதில் நினைத்த குறை இல்லை.

இங்கிலாந்து, வேல்ஸ் காவல்துறையே 1990-களின் தொடக்கத்தில், ஒப்புதல் வாக்குமூலம் வாங்கும் பாணியை விட்டு, தகவல் திரட்டும் 'பீஸ்' (PEACE) முறைக்கு மாறியது. தயாரிப்பு, அறிமுகமும் விளக்கமும், முழுக் கதையைக் கேட்டுத் தெளிவுபடுத்துவது, முடிப்பது, மதிப்பிடுவது என்று அதற்கு ஐந்து கட்டங்கள். முரண்பாட்டை முன்வைப்பது முழுக் கதையையும் கேட்ட பிறகுதான்.

பேச்சின் நடுவே உண்மையிலேயே மோசடியின் வாடை அடித்தால் மேலே போகாதீர்கள். குற்றம் சாட்டாதீர்கள், "இது மோசடி" என்ற சொல்லை உச்சரிக்காதீர்கள். வழக்கம்போல நன்றி சொல்லி முடித்துவிட்டு நேராக உங்கள் குழுத் தலைவரிடம் போங்கள். அதை அடுத்து யார் விசாரிப்பது, ஆவணங்களை எப்படிப் பாதுகாப்பது என்பதை முடிவு செய்ய அதற்கான ஆட்கள் இருக்கிறார்கள். அவசரப்பட்டுக் கேட்கும் ஒரு கேள்வியால் ஆதாரம் அழியலாம், குற்றமற்ற ஒருவரின் பெயரும் கெடலாம்.

சில வகை மனிதர்கள்

ஒற்றைச் சொல்லில் பதில் சொல்பவரிடம் கேள்வியை நிறுத்திவிட்டு, செய்து காட்டச் சொல்லுங்கள். கை வேலை செய்யத் தொடங்கினால் வாய் தானாகத் திறக்கும். நிறைய பேசுபவரை வெட்ட வேண்டாம், "நீங்க சொன்ன அந்த ரிட்டர்ன் விஷயம்..." என்று அவர் சொல்லையே பிடித்துத் திருப்புங்கள். கோபமாக இருப்பவர் பெரும்பாலும் போன ஆடிட்டரிடம் கோபமாக இருப்பார், என்ன நடந்தது என்று கேட்டுவிட்டால் பாதி இறங்கிவிடும். "மேனேஜரைக் கேளுங்க" என்பவரிடம், "அவர்கிட்ட கண்டிப்பா கேட்கிறேன். உங்க கைக்கு வர்ற பகுதியை மட்டும் சொல்லுங்க" என்று சுருக்கிக் கேளுங்கள்.

காணொளி அழைப்பில் பேசும்போது அறையும் உடல்மொழியும் பாதிதான் தெரியும். அதை ஈடுகட்ட ஸ்கிரீனைப் பகிரச் சொல்லி, ஒரு பதிவை உங்கள் கண்முன்னால் போடச் சொல்லுங்கள். அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்றும் தயங்காமல் கேட்டுவிடுங்கள்.

படி 8: முடிப்பதும் அதற்குப் பிறகும்

எழுவதற்கு முன், நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் சொற்களில் அவரிடமே திருப்பிச் சொல்லுங்கள். "நான் தப்பாப் புரிஞ்சிருந்தா நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். பத்தில் மூன்று இடத்தில் திருத்துவார்கள், அந்தத் திருத்தங்களில்தான் விஷயம் இருக்கும். பிறகு, "நான் கேட்டிருக்கணும், ஆனா கேட்கலைன்னு ஏதாவது இருக்கா?" என்று கேட்டுக் காத்திருங்கள். குறிப்பேட்டை மூடியபின் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், "இதை எழுதிக்கட்டுமா?" என்று கேட்டுத் திறங்கள். ஒளித்து வைத்து எழுதுவது வேண்டாம்.

இருக்கைக்குத் திரும்பியதும் அவர் சொன்ன ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே, அதைச் சரிபார்க்க வேறு என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். அந்த 480 பெட்டி விஷயத்தில் எங்களுக்குக் கிடைத்தவை: கேட் பதிவேட்டில் வண்டி உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், மறுநாளின் வரவுச் சீட்டுகள். மாலை ஆறு மணிக்கு மேல் வந்த எல்லா லோடுகளையும் தனியே பிரித்து எடுத்தோம். ஒரு மாலை நாங்களே போய் நின்று பார்த்தோம். அறிக்கையில் ஸ்டோர் கீப்பரின் பெயர் வரவில்லை. ஆறு மணிக்கு மேல் எண்ணுவதற்கு ஆளே ஒதுக்கப்படவில்லை என்பதுதான் வந்தது.

பழகுவது எப்படி?

உங்கள் பழைய வொர்க்கிங் பேப்பர் ஒன்றை எடுங்கள். நேர்காணல் குறிப்பில் 'செய்வோம், பார்ப்போம், சரிபார்க்கப்படும்' என்று முடியும் ஒவ்வொரு வரியையும் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அன்றைக்கு எந்தச் சீட்டை மேசை மேல் வைத்திருக்கலாம் என்று எழுதுங்கள். அப்புறம் கூட வேலை செய்யும் ஒருவரை எதிரில் உட்கார வைத்து, அவருடைய சம்மதத்தோடு பதினைந்து நிமிடம் பதிவு செய்தபடி அதே விஷயத்தைக் கேட்டுப் பாருங்கள். பதிவைக் கேட்கும்போது மூன்றை மட்டும் எண்ணுங்கள்: நீங்கள் பேசிய நிமிடங்கள், நீங்கள் போட்ட 'தானே'க்கள், அவர் முடிப்பதற்குள் நீங்கள் நுழைந்த இடங்கள். அடுத்த மாதம் மறுபடி செய்து, இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.